நெல் விதைப் பைகளுக்குத் தமிழில் லேபிள்: இதுவரை ஆன வேலை

மன்னார்குடிப் பக்கம் எங்கள் சித்தப்பா பாரம்பரிய நெல் விதை சேர்த்து வைத்திருக்கிறார். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி, கொட்டாரச் சம்பா, தேங்காய்ப்பூ சம்பா என்று எல்லாம் துணிப்பைகளில். கேட்பவர்களுக்கு இரண்டு கிலோ கொடுப்பார். அறுப்பு முடிந்ததும் நான்கு கிலோவாகத் திரும்பி வர வேண்டும். திருத்துறைப்பூண்டி ஆதிரெங்கத்து நெல் திருவிழாவில் நெல் ஜெயராமன் வைத்திருந்த கணக்கு அது. 2018இல் அவர் மறைந்த பிறகும் சித்தப்பா அதை விடவில்லை. யாருக்கு எந்த லாட் (ஒரு தடவை சேர்த்த விதைத் தொகுதி) போனது என்ற நோட்டை எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸுக்கு ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. அந்தப் பதிவுகளை ஒரு சின்ன தெர்மல் பிரிண்டரில் அடித்துப் பையில் ஒட்டுவதுதான் இப்போதைய வேலை.

பிரிண்டர் டிஎஸ்பிஎல் என்ற லேபிள் அச்சு மொழியின் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் வகை. டெக்ஸ்ட் கட்டளையில் விதைப் பெயரைக் கொடுத்து அனுப்பினால், லேபிளைத் தாண்டி ஓடும் அளவுக்குக் குப்பை எழுத்துகள் வந்தன. அதில் ஒரு ஒழுங்கு மட்டும் தெரிந்தது: ஒரே எழுத்து மூன்றுக்கொரு தடவை வந்துகொண்டே இருந்தது. காரணம் இதுதான். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் யூனிகோடு குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். ‘மாப்பிள்ளைச் சம்பா’ இடைவெளியோடு 52 பைட். பிரிண்டர் அதை 52 தனி எழுத்தாக எடுத்துக்கொள்கிறது.

பிரிண்டருக்குள் தமிழ் ஃபாண்டை ஏற்றினாலும் பாதிக் கிணறுதான். ‘கொ’வில் கொம்பு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். அந்த அடுக்கும் வேலை இந்தச் சின்ன பெட்டிக்குத் தெரியாது. அதனால் அதனிடம் எழுத்தையே கொடுப்பதில்லை என்று முடிவு. லேபிள் முழுவதையும் கணினியிலேயே படமாக வரைந்து, படத்தை மட்டும் அனுப்புகிறேன். வரைவதற்குப் பைத்தான் மொழியில் பில்லோ என்ற பட நூலகம், எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபாண்ட். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பில்லோவோடு ராக்ம் என்ற நூலகம் சேர்ந்திருந்தால்தான் கொம்பும் காலும் இடத்தில் உட்காரும். இல்லையென்றால் குப்பை வராது, ஆனால் ‘தேங்காய்’ இரட்டைக் கொம்பு பின்னால் போய் வரும். சோதிக்க ‘கொட்டாரச் சம்பா’ நல்ல பெயர்.

அளவுக் கணக்கு எளிது. பிரிண்டர் 203 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 203 புள்ளி; அப்படியென்றால் மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. 50க்கு 25 மில்லிமீட்டர் லேபிள் 400க்கு 200 புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு பிட், மொத்தம் 10,000 பைட். படத்தை இதே அளவில் வரைய வேண்டும். பிடிஎஃப் செய்து டிரைவரிடம் விட்டால் அது தன் இஷ்டத்துக்குச் சுருக்கும், ஓரமெல்லாம் மங்கும். சாம்பல் நிறமும் ஆகாது. ஒவ்வொரு புள்ளியும் கருப்பா வெள்ளையா என்று நாமே தீர்த்து அனுப்ப வேண்டும்.

எழுத்தின் உயரத்தில்தான் நிறைய நேரம் போனது. சின்ன எழுத்தில், தடித்த ஃபாண்டில், ‘ம்’ மேலிருக்கும் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு ‘சமபா’ என்று படிக்க வைத்தது. ‘ண’வின் சுழிகள் மை அப்பினது போல அடைந்துவிட்டன. தடித்த ஃபாண்டைக் கைவிட்டு, டென்சிட்டியை (அச்சின் கருமை அளவை) குறைத்து, எழுத்தைப் பெரிதாக்கிய பிறகு சரியானது. பெயர் நீளமானால் சுருக்குவதில்லை, இடைவெளியில் உடைத்து இரண்டு வரி ஆக்குகிறேன். நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு அதுதான் நியாயம்.

இன்னும் இரண்டு சில்லறை விஷயம். டிஎஸ்பிஎல்லில் படம் அனுப்பும் பிட்மேப் கட்டளையில் 0 கருப்பு, 1 வெள்ளை. கடை ரசீது பிரிண்டர்களின் ஈஎஸ்சி-போஸ் மொழியில் நேர்மாறு. கருப்புப் பலகையாக லேபிள் வந்தால் அங்கே பாருங்கள். படம் பாதியில் சாய்ந்து கலைந்தால், வழியில் ஏதோ ஒரு மென்பொருள் படத்தின் ஒரு பைட்டை வரி முடிவுக் குறி என்று நினைத்துக் கூடுதலாக ஒரு பைட்டைச் செருகியிருக்கும். எழுத்தாக அல்ல, பைட்டுகளை மாற்றாமல் பைனரியாகவே அனுப்ப வேண்டும்.

அச்சு சரியானதும் டேட்டாபேஸ் பக்கத்துக் கோளாறுகள் வெளியே வந்தன. நண்பர் ஒருவர் எக்செல்லில் அனுப்பிய பட்டியலில் லாட் 007 வெறும் 7 ஆகியிருந்தது. லாட் எண்ணில் யாரும் கூட்டல் கழித்தல் போடப் போவதில்லை, அதை எழுத்தாகவே வைப்பதுதான் முறை. அறுப்புத் தேதி 05-02-2025 என்பதை எக்செல் மே 2 ஆக்கிவிட்டிருந்தது. லேபிளைக் கையில் வாங்கிய சித்தப்பா, “ஏண்டா தம்பி, சித்திரையில எவன்டா சம்பா அறுத்தான்?” என்றார். நிரலில் எத்தனை சோதனை எழுதினாலும் இதைப் பிடித்திருக்காது. இப்போது உள்ளே ஆண்டு-மாதம்-நாள், லேபிளில் மட்டும் நம் வழக்கப்படி நாள் முதலில். காலியான கட்டம் ‘nan’ என்று ஆங்கிலத்தில் அச்சாகாமல் கோடாக வரும்படியும் மாற்றியாயிற்று. ‘கொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகவும் எழுதலாம்; பெயர்களை என்எஃப்சி என்ற ஒரே யூனிகோடு வடிவுக்கு ஒருமைப்படுத்திய பிறகுதான் தேடலில் எல்லா ‘கொ’வும் ஒன்றாகச் சிக்கின.

லேபிளில் போன் படிக்கும் க்யூஆர் குறியும் உண்டு; அதில் லாட் எண் மட்டும். மிகச் சிறிய க்யூஆர் 21க்கு 21 கட்டம். கட்டத்துக்கு 4 புள்ளி என்றால் பத்தரை மில்லிமீட்டர். முழு எண்ணாகப் பெருக்குவதுதான் முக்கியம், மூன்றரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது. சுற்றிலும் நான்கு கட்ட அகலம் வெள்ளை விட்டால் சித்தப்பாவின் பழைய போனும் படிக்கிறது.

ரோல் மாற்றும்போதெல்லாம் லேபிள்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கண்டுபிடிக்கும் சென்சாரைப் புது ரோலுக்குப் பழக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே நகர்ந்து இரண்டு லேபிளில் பாதிப் பாதி விழுகிறது.

பெரிய குறை காகிதம்தான். இது சூட்டில் கருக்கும் காகிதம். தகர ஷெட்டில் வெயில் பட்டால் தாளே கருக்கிறது, எழுத்து மங்குகிறது. மேலே செலோடேப் ஒட்டினால் பாதுகாப்பு என்று நினைப்போம், அதுவே எழுத்தை இன்னும் சீக்கிரம் அழிக்கிறது. தற்போதைக்கு இரண்டு பிரதி அடித்து, ஒன்றை நொச்சி இலையோடு பைக்குள்ளேயே போட்டுவிடுகிறோம். அடுத்த குறுவைக்குள் ரிப்பன் வைத்து அடிக்கும் பிரிண்டர் ஒன்று பழையதாகக் கிடைக்குமா என்று கும்பகோணத்தில் சொல்லி வைத்திருக்கிறேன். படமாக அனுப்புவதால் நிரலில் மாற்ற வேண்டியது கட்டளை வரிகள் மட்டும்தான்.