எலக்டிவ் ஃபார்மில் டிக் அடிக்கும் முன்

கம்ப்யூட்டர் படிப்பின் ஐந்தாம் செமஸ்டரில் எலக்டிவ் (நாமே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடம்) எடுக்கச் சொன்னபோது நான் சிலபஸைப் புரட்டவே இல்லை. மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணத்துக்கு ரயிலில் கூட வரும் சீனியர்கள், "இதுல மார்க் அள்ளிப் போடுவாங்கடா" என்றார்கள். எடுத்தேன், மார்க்கும் வந்தது. அந்தப் பாடத்தில் இன்று ஒரு வரிகூட நினைவில்லை.

ஆறாம் செமஸ்டரில் டேட்டாபேஸ் எலக்டிவ். நான் விரும்பி எடுத்ததில்லை; வகுப்பில் அதிகம் பேர் கேட்டதைத்தான் நடத்தினார்கள். மினி புராஜெக்ட் கட்டாயம். அப்போது சம்பா அறுப்பு முடிந்து, அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் டோக்கனுக்கு அலைந்துகொண்டிருந்தார். சரி, அதையே செய்வோம் என்று டோக்கன் பதிவு ஒன்று எழுதினேன். இரண்டு போனில் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்த்தால், இரண்டுக்கும் 41ஆம் எண்! கடைசி எண்ணைப் படித்து, ஒன்று கூட்டி, எழுதுவதற்குள் இன்னொரு போனும் அதே பழைய எண்ணைப் படித்துவிடுகிறது. டிரான்சாக்‌ஷன், லாக் (படிப்பதையும் எழுதுவதையும் ஒரே வேலையாக்கி, அது முடியும்வரை மற்றவரை நிறுத்திவைக்கும் வழிகள்) எல்லாம் எதற்கு என்று அந்த மூன்று இரவில்தான் புரிந்தது. (அப்பாவுக்குக் கடைசியில் காகித டோக்கன்தான்.) பிறகு ஒரு இன்டர்வியூவில், "ஒரே சீட்டை இரண்டு பேர் புக் செய்தால்?" என்று கேட்டார்கள். நெல் கதையையே சொன்னேன்.

அதனால் நான் ஜூனியர்களிடம் சொல்வது: தானாக உட்கார்ந்து படிக்க மாட்டோம் என்று தெரிந்த பாடத்தை எலக்டிவாக எடுங்கள். வெப்சைட், ஆப் செய்ய உதவும் ரியாக்ட், ஃப்ளட்டர் போன்றவற்றை லீவில் யூடியூப் பார்த்தே பழகலாம். கம்பைலர் (எழுதிய புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றுவது), டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் (பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்வது) எல்லாம் பரீட்சை கழுத்தைப் பிடித்தால்தான் படிப்போம். டெஸ்டிங்கை யாரும் மதிப்பதில்லை, ஆனால் வேலையில் பாதி நாள் அதில்தான் போகிறது. மெஷின் லேர்னிங் ஆசை இருந்தால் முதலில் புராபபிலிட்டியும் மேட்ரிக்ஸும் கைவசம் இருக்கிறதா பாருங்கள். கணக்கில் அரியர் வைத்துக்கொண்டு அதில் இறங்கினால் மாடலை ஓட்டத்தான் தெரியும், ஏன் தப்பாகச் சொல்கிறது என்று தெரியாது.

சீனியரிடம் மார்க்கைக் கேட்காதீர்கள். லேப் உண்டா, யார் எடுக்கிறார், புராஜெக்டைத் திறந்து பார்ப்பாரா என்று கேளுங்கள்.

நினைத்த பாடம் கல்லூரியில் நடக்கவில்லை என்றால் ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல் இருக்கிறது. சேர்வது இலவசம், பரீட்சைக்கு மட்டும் பணம். மதிப்பெண்ணில் 25 அசைன்மென்ட்டுக்கு, 75 பரீட்சைக்கு. கிரெடிட்டாக (டிகிரிக் கணக்கில் சேரும் புள்ளியாக) ஏற்பார்களா என்று சேரும் முன்பே துறைத் தலைவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாய்வார்த்தையை நம்பினேன். சான்றிதழ் வந்தது, கிரெடிட் வரவில்லை.