சுவருக்கு வந்த ஆண்டு

தமிழ் நாளிதழ் ஒன்றுக்காக தில்லியில் நாடாளுமன்றச் செய்தி சேகரித்த காலத்தில், பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபம்தான் எங்களுக்கு உண்மையான அலுவலகம். சீனியர் நிருபர்களுக்குத்தான் அப்போது அங்கே அனுமதி. அவையில் மோதிக்கொண்டவர்கள் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிப்பார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தபடியே சுவரிலுள்ள ஓவியங்களைக் கவனிக்கத் தொடங்கினேன்.

அந்த அனுமதி கிடைத்து உள்ளே வந்த தமிழ் நிருபர்கள் முதலில் தேடியது ராஜாஜியை. அவர் பிறந்த நாளான டிசம்பர் 10 அன்று அவர் படத்துக்கு மலரஞ்சலி நடக்கும். எங்களுக்கு அது வருடாந்திரச் செய்தி. சரி, அதைப் பார்த்தாயிற்று என்றதும் அம்பேத்கர் படத்துக்குக் கூட்டிப்போவேன். ஜெபா அம்ரோஹவி வரைந்தது. பிரதமர் வி.பி. சிங் திறந்துவைத்த நாள் 1990 ஏப்ரல் 12.

"தொண்ணூறா சார்? அதுவரைக்கும் இங்க இல்லையா?" என்று ஒரு தம்பி கேட்டான்.

கேட்க வேண்டிய கேள்விதான். அரசியல் சட்டத்தை உருவாக்கிய அரசியல் நிர்ணய சபை கூடியதே இந்த மண்டபத்தில். 1948 நவம்பர் 5 அன்று நம்ம டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து வெளிப்படையாகச் சொன்னார்: அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவர் விலகிவிட்டார், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் அமெரிக்காவில், மற்றவர்களுக்கு வேறு வேலை அல்லது உடல்நலக் குறைவு, கடைசியில் பாரம் முழுக்க அம்பேத்கர் மேல் விழுந்தது என்று. காந்தியின் ஓவியம், ஆஸ்வால்ட் பர்லி வரைந்தது, 1947 ஆகஸ்ட் 28 அன்றே இங்கே வந்துவிட்டது. அம்பேத்கர் 1956இல் மறைந்தார். 1967இல் கட்டடத்துக்கு வெளியே சிலை வைத்தார்கள். உள்ளே சுவரில் இடம் கிடைக்க மேலும் 23 ஆண்டுகள்.

1990இல் என்ன மாறியது? 1989 தேர்தலில் தலித் மக்களின் வாக்கைத் திரட்டிய பகுஜன் சமாஜ் கட்சி முதன்முறையாக மக்களவைக்குள் நுழைந்திருந்தது. அதே 1990இல்தான் அம்பேத்கருக்கு பாரத ரத்னா, பௌத்தம் தழுவிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமை, ஆகஸ்டில் பிற்படுத்தப்பட்டோருக்கு மத்திய அரசு வேலையில் இடஒதுக்கீடு என்ற மண்டல் அறிவிப்பு. அவருடைய மக்களின் வாக்கை இனி ஒதுக்க முடியாது என்று ஆனபிறகே படம் சுவருக்கு வந்தது என்பது என் கணிப்பு. வி.பி. சிங்கின் பங்கை இது குறைக்காது. முந்தைய ஆட்சிகள் செய்யாததை அவர் செய்தார்.

2003இல் இந்துத்துவத் தலைவர் சாவர்க்கர் படத்தை அப்துல் கலாம் திறந்தபோது எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. யார் படம், யார் ஆட்சியில் என்று சேர்த்துப் படித்தால்தான் அந்தச் சுவர் புரியும். அதனால் படத்திறப்புச் செய்தி எழுதும்போதெல்லாம் ஆண்டு, திறந்தவர், வரைந்தவர் மூன்றையும் சேர்த்தே அனுப்புவேன். இடமில்லை என்று டெஸ்க்கில் முதலில் வெட்டுவது ஓவியர் பெயரைத்தான். அப்புறம் போனில் மல்லுக்கட்டி, ஜெபா அம்ரோஹவி என்ற பெயரை அம்பேத்கர் பிறந்த நாளான ஒரு ஏப்ரல் 14 இதழில் அச்சேற்றினேன்.