நீலநாக்கு நோயும் மரபணு இல்லாத வைரஸ் கூடும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழகத்துச் செம்மறி மந்தைகளில் நீலநாக்கு நோய் தலைகாட்டுவது வழக்கம். உதடு வீங்கி, வாய்ப்புண்ணால் மேய முடியாமல், குளம்பின் மேல்விளிம்பு சிவந்து நொண்டும் ஆட்டைக் கண்டவர்களுக்கு இதன் கொடுமையை விளக்க வேண்டியதில்லை. கியூலிகாய்டஸ் என்னும் மிகச் சிறிய கடிக்கும் பூச்சிகள் பரப்பும் இந்த வைரஸில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒரு வகைக்கு எதிரான நோயெதிர்ப்பு மற்றொன்றைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. இந்தியாவில் 1, 2, 10, 16, 23 ஆகிய ஐந்து வகைகளுக்கான செயலிழந்த வைரஸ் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் அதற்காக உயிருள்ள வைரஸைப் பெருமளவில் வளர்த்தே ஆக வேண்டும்.

வைரஸை வளர்க்காமலே அதன் கூட்டை மட்டும் உருவாக்கலாம் என்பதைக் கொல்கத்தாவில் பிறந்த வைரஸ் ஆய்வாளர் பாலி ராயின் குழு 1990இல் காட்டியது. கூட்டின் நான்கு புரதங்களுக்கான மரபணுக்களை, பூச்சிகளைத் தாக்கும் பாகுலோ வைரஸில் ஏற்றி, அதைக் கொண்டு பூச்சி செல்களைத் தொற்றச் செய்தார்கள். இதற்குப் பெரிதும் பயன்படும் எஸ்எஃப்9 செல்கள், 2018 முதல் நம் மக்காச்சோள வயல்களை அழித்துவரும் அதே படைப்புழுவின் கூட்டுப்புழுச் சினைப்பையிலிருந்து வந்தவை. கரியமில வாயு வசதி ஏதுமின்றி, 27 அல்லது 28 டிகிரி வெப்பத்தில், சுழலும் குடுவையில் அவை வளரும். தொற்று ஏற்பட்டதும் பருத்து, உட்கரு பெரிதாகி, சில நாட்களில் சிதையத் தொடங்கும். அதற்குள் விபி3 புரதத்தின் 120 பிரதிகள் உள்ளோடாக, அதன்மேல் விபி7இன் 780 பிரதிகள் அடுக்காக, வெளியே விபி5, விபி2 என்று எல்லாம் தாமாகவே பொருந்திக்கொள்கின்றன. உள்ளே மரபணு இல்லாததால் அந்தக் கூடு பெருகாது, நோயும் தராது. இதைச் செலுத்திய செம்மறிகள் ஓராண்டுக்குப் பிறகும் நோயிலிருந்து காக்கப்பட்டன என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

இருந்தும், பன்றிகளைத் தாக்கும் சர்க்கோ வைரஸுக்குப் பூச்சி செல்களில் தயாரான தடுப்பூசி 2006லேயே விற்பனைக்கு வந்தபோது, நீலநாக்குக் கூடு ஏன் ஆய்வகத்திலேயே தங்கிவிட்டது? சர்க்கோ வைரஸின் கூடு ஒரே புரதத்தின் 60 பிரதிகளால் ஆனது. இங்கோ நான்கு புரதங்களும் ஒரே செல்லுக்குள் சரியான விகிதத்தில் உருவாக வேண்டும். வெளியடுக்கு குறைந்துபோன கூடு நன்றாகக் காப்பதில்லை, ஏனெனில் வைரஸை முடக்கும் எதிர்ப்பொருள்கள் முக்கியமாக விபி2ஐக் குறிவைத்தே உருவாகின்றன. மேலும், வகைக்கு வகை மாறுவதும் இந்த விபி2தான். உள்ளடுக்கை அப்படியே வைத்துக்கொண்டு வெளிப்புரதங்களை மட்டும் மாற்றலாம் என்பது பெரிய வசதிதான். ஆனாலும் ஐந்து வகைகளுக்கு ஐந்து கூடுகளைத் தயாரித்துத் தூய்மைப்படுத்தும் செலவை, ஒரு செம்மறி ஆட்டின் விலையோடு ஒப்பிட்டே எந்த நிறுவனமும் முடிவெடுக்கும்.

தடுப்பூசி போட்ட ஆட்டையும் நோய் கண்ட ஆட்டையும் பிரித்தறிய முடியும் என்பது இந்த முறையின் பெரும் பலமாகச் சொல்லப்படுகிறது. அது உண்மைதான், ஆனால் இன்று பரவலாகச் செய்யப்படும் எலிசா சோதனை விபி7க்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடுகிறது, அந்தப் புரதமோ கூட்டிலும் இருக்கிறது. ஆகவே, தொற்றின்போது மட்டும் உருவாகி, கூட்டில் இடம்பெறாத என்எஸ்3 போன்ற புரதங்களை அடிப்படையாகக் கொண்ட சோதனையும் தடுப்பூசியோடு சேர்ந்தே களத்துக்கு வர வேண்டும்.