கவுன்ட் ஏறிவிட்டது, டிஎன்ஏ?

புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தால் ரத்தத்தில் வெள்ளை அணு குறையும் என்பது தெரிந்த கதைதான். ஒன்றிரண்டு வாரத்தில் கவுன்ட், அதாவது அணுக்களின் எண்ணிக்கை, இறங்கும், அப்புறம் மெல்ல ஏறும், டாக்டரும் "சரி, அடுத்த சுற்று மருந்து போடலாம்" என்பார், எல்லோரும் ரத்தம் பழையபடி ஆகிவிட்டது என்று நிம்மதி அடைவோம். எண்ணிக்கைதான் பழையபடி ஆகியிருக்கிறது, செல்களுக்குள் டிஎன்ஏவில் விழுந்த சேதம் மிச்சம் இருக்கலாம்.

இந்தச் சேதத்தைப் பக்கவிளைவு என்று சொல்வது எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. டிஎன்ஏவைக் கெடுப்பதுதான் இந்த மருந்துகளில் பலவற்றின் வேலையே. சைக்ளோபாஸ்பமைடு, சிஸ்பிளாட்டின் எல்லாம் டிஎன்ஏ இழைகளில் தேவையில்லாத பிணைப்புகளைப் போட்டுவிடும், செல்லால் பிரதி எடுக்க முடியாது. எட்டோபோசைடு வேறு ரகம். டிஎன்ஏவின் முறுக்கைத் தளர்த்த டோப்போஐசோமரேஸ் 2 என்கிற என்சைம் இழைகளை வெட்டி மறுபடி ஒட்டும், இந்த மருந்து வெட்டியதோடு அதை நிறுத்திவிடும். புற்றுச் செல் எது, நல்ல செல் எது என்று மருந்துக்கு எங்கே தெரியப்போகிறது? ரத்த அணுக்களை உண்டாக்க ஓயாமல் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும் எலும்பு மஜ்ஜைக்கும் சேர்த்துத்தான் அடி.

செத்துப்போகும் செல்லைப் பற்றிப் பெரிய கவலை இல்லை, அந்த இடத்தை வேறு செல் நிரப்பிவிடும். உடைந்ததைத் தப்பும் தவறுமாக ஒட்டிக்கொண்டு பிழைத்துவிடுகிறதே, அதுதான் வில்லங்கம்.

இந்தச் சேதத்தைக் கண்ணால் பார்க்க முடியும். காமெட் சோதனையில் செல்களை ஜெல்லில் பதித்து, கரைத்து, மின்சாரம் பாய்ச்சினால் உடைந்த டிஎன்ஏ வால் போல நீளும். செல் பிரியும்போது எந்தப் பக்கமும் போய்ச் சேராமல் அநாதையாக நின்றுவிட்ட குரோமோசோம் (டிஎன்ஏ சுருண்டிருக்கும் இழை) துண்டைத் தேடுவது மைக்ரோநியூக்ளியஸ் சோதனை, 1985-ல் ஃபெனெக், மார்லி இருவரும் அதை லிம்போசைட்டுகள் என்கிற வெள்ளை அணு வகைக்கு ஏற்றபடி செம்மைப்படுத்தினார்கள். லிம்போசைட்டுகளில் சில ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருப்பதால் பழைய காயமும் அவற்றில் தெரியும். முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, அதில் தேடிப் பயனில்லை.

பெரிய பயம், கீமோவுக்குப் பின்னால் வரும் ரத்தப் புற்றுநோய். சிறு பங்கினருக்கே வருகிறது, ஆனால் வந்தால் சிகிச்சை கடினம். சைக்ளோபாஸ்பமைடு வகை என்றால் பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டுகள் கழித்து, 5 அல்லது 7-ஆம் குரோமோசோமில் இழப்போடு. எட்டோபோசைடு வகை என்றால் 1 முதல் 3 ஆண்டுகளுக்குள்ளேயே, பலருக்கு 11-ஆம் குரோமோசோமின் துண்டு வேறொரு குரோமோசோமோடு இடம் மாறி ஒட்டிக்கொண்டதோடு.

இதில் எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போட முடியாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. சிலருக்கு, சேதமான செல்லைத் தடுத்து நிறுத்தும் டிபி53 மரபணு கெட்டுப்போன ரத்த ஸ்டெம் செல்கள் (ரத்த அணுக்களுக்கெல்லாம் மூலமான செல்கள்) கீமோவுக்கு முன்பே சொற்பமாக இருந்திருக்கின்றன. மருந்து மற்றவற்றைத் தட்டிவிட, சாகாமல் தாக்குப்பிடித்த இவை பெருகிவிடுகின்றன. எனக்கு இதுதான் மருந்து நேரடியாகச் செய்யும் சேதத்தைவிடத் திகிலாக இருக்கிறது.

அதற்காக காமெட் சோதனை எடுக்கலாமா என்று டாக்டரிடம் போய் நிற்க வேண்டாம், அது ஆய்வகக் கருவி, உங்களுக்குப் புற்று வருமா என்று அதனால் சொல்ல முடியாது. சிகிச்சை முடிந்து ஆண்டுகள் ஆன பிறகு காரணமே தெரியாமல் கவுன்ட் இறங்கிக்கொண்டே போனால், முன்பு என்ன கீமோ எடுத்தீர்கள் என்பதை மருந்தின் பெயரோடு சொல்லுங்கள், மஜ்ஜைப் பரிசோதனை தேவையா என்று அவர் முடிவெடுக்க அது உதவும்.