எங்கள் வார்டு சிஸ்டர்

வடசென்னையில் நர்சிங் பயின்று இன்று கடல் கடந்து வேலை பார்க்கும் எங்களில் பலருக்கு, கை தானாகச் செய்யும் வேலைகள் எல்லாம் அவரிடம் படிந்தவை. ‘சிஸ்டர்’ என்றால் எங்களுக்கு அவர் ஒருவர்தான். இந்தச் சிறப்பு மலரில் பெயர் போட்டுப் புகழ்வதை அவர் விரும்பியிருக்க மாட்டார். அதனால் அவருடைய வேலையை மட்டும் எழுதுகிறேன்.

அந்த வேலைக்கு அங்கே ஒரு பரம்பரை உண்டு. மாடில்டா மக்பெயில் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் 1888இல் மதராசுக்கு வந்து, பெண்களுக்கென்று தொடங்கிய சிகிச்சைப் பணிதான் ராயபுரம் ரெய்னி ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. பிறர் மலஜலத்தைத் தொடுவது தீட்டு என்று பல குடும்பங்கள் ஒதுங்கிய காலத்தில், நர்ஸ் வேலைக்கு முன்வந்தவர்களில் கிறிஸ்தவப் பெண்களே அதிகம். சிஸ்டர் அந்த வழியில் வந்தவர். டூட்டி ஏற்குமுன் சின்னதாக ஒரு ஜெபம், ஜெபம் முடிந்ததும் நேராகக் குழாயடி. வாட்ச், மோதிரம் கழற்றி, கட்டைவிரலும் நகக்கண்ணும் விடாமல் 40 விநாடியாவது சோப்புப் போட்டுக் கழுவியாக வேண்டும்.

அவர் துளியும் விட்டுக்கொடுக்காதது படுக்கைப்புண் விஷயத்தில். பக்கவாதத்தில் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்ட வேண்டும்: இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். ராத்திரி 2 மணிக்கும் உண்டு, 4 மணிக்கும் உண்டு. முழுக்க ஒருக்களித்துப் போட்டால் இடுப்பெலும்பு மேட்டில் பாரம் ஏறும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை, குதிகால் மெத்தையில் படக் கூடாது. கீழே சரிந்தவரை அக்குளில் கைகொடுத்து இழுத்தால் தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, எலும்பு மட்டும் நகரும். உள்ளே ரத்தக்குழாய் கசங்கி, புண் அடியிலிருந்து கிளம்பும். உடம்புக்கு அடியில் குறுக்காக விரித்திருக்கும் டிரா ஷீட்டோடு இரண்டு பேர் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தும்போது வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கறுத்த மேனியில் சிவப்பு தெரியாது; புறங்கை வைத்துச் சூட்டையும் கெட்டியையும் பார்க்கச் சொல்வார். இதை எங்கள் பாடப்புத்தகம் சொல்லவில்லை. அந்த இடத்தில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவதுதான் பழைய முறை. தேய்ப்பது கெடுதல் என்று தெரிந்ததும், அத்தனை வருஷப் பழக்கத்தை அவர் ஒரே நாளில் விட்டார். அவரிடம் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

இன்சுலின் பற்றி அவர் சொன்னது வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இப்போதும் வேண்டியது. ஊரில் விற்கும் குப்பிகள் பலவற்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்; அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. இங்கே 100 யூனிட், ஆரஞ்சு மூடி. அம்மாவுக்கென்று இங்கிருந்து குப்பி கொண்டுபோய்க் கொடுத்து, அவர் வீட்டிலிருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10ஆம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். சர்க்கரை தடாலென்று இறங்கி ஆள் மயங்கிவிடுவார். மாறி, ஊர்க் குப்பியை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் போவது 4 யூனிட்தான். குப்பியின் எண்ணையும் சிரிஞ்சின் எண்ணையும் இரண்டு பேர் வாய்விட்டுப் படித்த பிறகே சிஸ்டர் ஊசியைத் தொட விடுவார்.

இறந்தவரின் கட்டிலருகில்தான் அவருடைய விசுவாசத்தை முழுதாகப் பார்க்கலாம். டாக்டர் உறுதி செய்ததும் கண்ணை மூடி, பல்செட்டைப் பொருத்தி, தாடையைக் கட்டி, கைகால்களை நேராக்குவார். தாமதித்தால் விறைப்பு தொடங்கிவிடும். போலீஸ் கேஸ் என்றால் எந்தக் குழாயையும் உருவ விட மாட்டார். முஸ்லிம் என்றால் முகத்தை மேற்கே திருப்பி, ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் மட்டுமே தொடும்படி பார்த்துக்கொண்டு, குளிப்பாட்டுவதைக் குடும்பத்திடம் விடுவார். இந்துவின் நெற்றித் திருநீற்றைத் துடைக்க மாட்டார், கேட்காமல் கயிறு கழற்ற மாட்டார். அங்கே அவருடைய ஜெபம் உதடு அசையாத ஜெபம். பயிற்சிப் பெண் அவசரப்பட்டால், “ஏம்மா, ‘தாத்தா, திருப்புறேன்’னு சொல்லிட்டுத் திருப்பு” என்பார், அந்தத் தாத்தா கண்மூடி அரை மணி ஆகியிருக்கும்.

பிறகு உடைமைப் பட்டியல். தங்கச் சங்கிலி என்று எழுதக் கூடாது, மஞ்சள் நிற உலோகச் சங்கிலி என்றுதான் எழுத வேண்டும். உரசிப் பார்க்காமல் தங்கம் என்று எழுதிவிட்டு, நாளை அது கவரிங் என்று தெரிந்தால் பழி டூட்டி நர்ஸ் தலையில் விழும். இரண்டு நர்ஸ்கள் கையெழுத்துப் போட்டு, உறவினர் எண்ணி வாங்கிக் கையெழுத்திட்ட பிறகுதான் அவர் அந்த நோட்டை மூடுவார்.