கால்ஸ்டன் சிலைக்குப் பக்கத்தில்

2018-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு வந்த புதிதில் வழி சொன்ன எல்லாருக்கும் அடையாளம் கால்ஸ்டன்தான். கால்ஸ்டன் தெருவில் ஏறு, கால்ஸ்டன் ஹாலைத் தாண்டு, கால்ஸ்டன் சிலைக்குப் பக்கத்தில் பஸ் பிடி. நம் பச்சையப்ப முதலியார் போல யாரோ பெரிய வள்ளல் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிகளுக்கு அள்ளிக் கொடுத்தவர் என்பதும் பொய்யில்லை. கைத்தடியில் சாய்ந்து, கன்னத்தில் கைவைத்து யோசித்தபடி நிற்பார். நற்குணமும் ஞானமும் மிக்க நகரத்துப் புதல்வர் என்று 1895-இல் பீடத்தில் பொறித்திருந்தார்கள்.

என்னுடன் நைட் டியூட்டி பார்த்த ஜமைக்கா வம்சாவளி அக்கா ஒருவர் மட்டும் அந்த இடம் வந்தால் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவார். ஒருநாள் கேட்டேன். "எங்கள் பாட்டன் பூட்டனெல்லாம் இவன் கம்பெனிக்குச் சரக்கு" என்றார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். பதினேழாம் நூற்றாண்டில், அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் கால்ஸ்டன் பொறுப்பில் இருந்த காலத்தில் சுமார் 84,000 பேரை அடிமைகளாகக் கப்பலேற்றியிருக்கிறார்கள். ஏறத்தாழ 19,000 பேர் கரை சேரவில்லை.

இந்த உண்மையைச் சொல்லும் பலகை ஒன்றைக் கூடவே வைக்கலாம் என்று பேச்சு கிளம்பி, வாசகத்தில் தகராறாகி, அதுவும் நின்றுபோனது. 2020 ஜூன் 7 அன்று, இனவெறிக்கு எதிராக ஊர்வலம் வந்த கூட்டம் சிலையைக் கயிறு கட்டி இழுத்துவிட்டது. உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள், பெரோ பாலத்துக்குப் பக்கத்தில். பெரோ என்பவர் நெவிஸ் தீவிலிருந்து இந்த ஊருக்கு அடிமையாக வந்தவர்.

விசாவில் இருப்பவள் ஆயிற்றே, வேலையிடத்தில் வாயே திறக்கவில்லை. மனத்துக்குள், 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய கர்னல் நீல்தான் ஓடினார். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற அவர் சிலையை அகற்றச் சொல்லி 1927-இல் போராடிச் சிறைக்குப் போனார்கள்; 1937-இல் ராஜாஜி அரசு அதை மியூசியத்துக்கு அனுப்பியது. கால்ஸ்டனும் கடைசியில் மியூசியத்துக்குத்தான் போனார்.

2021-இல் அக்காவுடன் அந்த மியூசியமான எம் ஷெட்டுக்குப் போனேன். சேற்றைக் கழுவியவர்கள் பெயின்டை விட்டுவைத்திருந்தார்கள். முகமெல்லாம் சிவப்பு, மல்லாந்து கிடந்தார். சிலைக்குள்ளிருந்து 1895-ஆம் ஆண்டுப் பத்திரிகை ஒன்று கிடைத்ததாம். அதில் சிலையை நிறுத்திய தொழிலாளர்கள் தங்கள் பெயர்களை எழுதியிருந்தார்கள். அக்கா அதைத்தான் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஊரிலிருந்து புதிதாக வந்த பையனுக்கு வழி சொன்னேன். பழக்கம், "கால்ஸ்டன் சிலைக்குப் பக்கத்தில் நில்" என்று வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் போன்.

"அக்கா, இங்கே வெறும் பீடம்தான் இருக்கிறது."

"அதேதான். அங்கேயே நில், வருகிறேன்."