சன்மானம் வந்து சேரும் வழி

கட்டுரை அச்சில் வந்துவிட்டால் சன்மானம் தானாகவே பின்னால் வரும் என்றுதான் பத்திரிகைகளுக்கு வெளியிலிருந்து எழுதத் தொடங்குகிற எவரும் நினைப்பார்கள். ஆனால் முன்னது ஆசிரியர் குழுவின் வேலை, பின்னது கணக்குப் பிரிவின் வேலை. இரண்டுக்கும் தனித்தனி ஆட்கள், தனித்தனி காகிதங்கள், பெரும்பாலும் தனித்தனி மாடிகள். தூத்துக்குடி மாவட்டத்தில் இருந்துகொண்டு, பகலில் வேறு வேலை பார்த்தபடி, வார மாத இதழ்களுக்குக் கட்டுரை எழுதிவருகிற நான் இந்த இரண்டு வேலைகளையும் எப்படிக் கடந்தேன் என்பதை, இப்போது எழுத வருகிறவர்களுக்குப் பயன்படக்கூடும் என்று எண்ணிப் பதிவு செய்கிறேன்.

யாருக்கு அனுப்புவது என்பதில்தான் முதல் குழப்பம். ஆனந்த விகடன் 1926இல் தொடங்கியது, கல்கி 1941இல், குமுதம் 1947இல். எங்கள் தாத்தா காலத்து வாசகர்களுக்கும் தெரிந்த இந்தப் பெயர்களையே புதிதாக எழுதுகிறவரும் முதலில் நினைத்துக்கொள்கிறார். ஆனால் இந்த வரிசை இன்று அப்படியே இல்லை. கல்கி 2020இல் கொரோனா ஊரடங்கின்போது அச்சு இதழை நிறுத்தி இணையத்துக்குப் போய்விட்டது. வேறு சில இதழ்கள் பக்கங்களைக் குறைத்துக்கொண்டன. பக்கம் குறைந்தால் முதலில் அடிபடுவது வெளியாரின் எழுத்துதான். இன்னொரு பக்கம், காலச்சுவடு, உயிர்மை போன்ற இலக்கிய மாத இதழ்கள் உள்ளன. அவற்றுக்கு முன்னால் மணிக்கொடி, எழுத்து ஆகிய சிறுபத்திரிகைகளின் நெடிய மரபு ஒன்று இருக்கிறது. அந்த மரபில் பத்திரிகை நடத்தியவரே கைப்பணத்தை இழந்து நடத்தினார் என்பதால், எழுதியவருக்குப் பணம் என்ற பேச்சே எழவில்லை. அந்தப் பழக்கத்தின் நிழல் இன்றைய சிறுபத்திரிகைகள் மீதும் உண்டு. நான் எழுதியவற்றில் சிலவற்றுக்கு இதழின் இரண்டு பிரதிகளும் ஓராண்டுச் சந்தாவுமே கிடைத்தன. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. என்ன கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு அனுப்பினால் மனக்கசப்பு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

எழுதுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சிறுகதையோ கவிதையோதான் அனுப்புகிறார்கள். ஒரு வார இதழில் ஓர் இதழுக்கு ஒரு சிறுகதை வந்தாலே அதிகம் என்ற நிலையில், அந்த ஓர் இடத்துக்குக் காத்திருக்கும் கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். உள்ளூர் விஷயத்தைக் களத்தில் போய்ப் பார்த்து, படங்களோடு, தகவல் பிழையில்லாமல் எழுதித் தருகிறவர்கள் அவ்வளவு பேர் இல்லை. சென்னையிலிருந்து ஒரு நிருபரையும் புகைப்படக்காரரையும் உடன்குடிக்கு அனுப்பினால் ஆகும் பயணச் செலவு, எனக்குக் கொடுக்கும் சன்மானத்தைவிட அதிகம். இந்தக் கணக்கை ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் நன்றாகவே அறிவார்கள். பசுமை விகடன் 2007இல் வந்ததிலிருந்து வேளாண்மை சார்ந்த எழுத்துக்கு ஒரு வாசகர் வட்டம் உருவாகியிருந்ததும், பொது இதழ்களே அத்தகைய கட்டுரைகளைக் கேட்கும் நிலையை ஏற்படுத்தியிருந்தது. ஆகவே கதை எழுதும் ஆசையைத் தீபாவளி மலர்களுக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டு, பனையேறிகளைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு ஒரு தருணமும் வாய்த்தது. தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 2021 ஆகஸ்டில் தாக்கல் செய்யப்பட்டபோது, பனை மரத்தை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. எந்த ஆசிரியரும் ஒரு கட்டுரையைப் பார்த்தவுடன் கேட்கும் கேள்வி, இதை இப்போது ஏன் போட வேண்டும் என்பதே. அடுத்த பதநீர்ப் பருவம் தொடங்கும் நேரத்தில் அந்த அறிவிப்பை முன்வைத்து எழுதியபோது அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது.

எழுதுவதற்கு முன் நான் அனுப்ப எண்ணியிருந்த இதழின் பழைய பிரதிகளை நூலகத்தில் உட்கார்ந்து புரட்டி, அங்கே கட்டுரைகள் எத்தனை சொற்களில் முடிகின்றன, துணைத்தலைப்பு எத்தனை, பெட்டிச் செய்தி உண்டா, பேட்டியை அவர்கள் வட்டார வழக்கிலேயே போடுகிறார்களா, திருத்திப் போடுகிறார்களா என்பதைக் குறித்துக்கொண்டேன். படங்களோடு இரண்டு பக்கம் வருகிற கட்டுரைக்கு எழுநூறு, எண்ணூறு சொற்களுக்கு மேல் இடமில்லை என்பது எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டாயிரம் சொற்களை அனுப்பி, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதுவது பெருந்தன்மையைப் போலத் தோன்றும். துணை ஆசிரியருக்கு அது கூடுதல் வேலை மட்டுமே.

கட்டுரையை அனுப்பிச் சில வாரங்கள் கழித்துப் பொறுப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். ஏற்றுக்கொண்டோம் என்று சொல்வதற்கு முன் அவர் கேட்டவை எல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். முருக்குத்தடி என்று எழுதியிருக்கிறீர்களே, சேலத்து வாசகருக்கு அது எப்படிப் புரியும்? கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது எதற்காக என்று ஏன் சொல்லவில்லை? ஒரே மரத்தில் ஒரு நாளில் எத்தனை முறை ஏறுகிறார்கள்? நான் பதில் சொன்னேன்: முருக்குத்தடி என்பது மரத்தில் சாய்த்து வைத்து, அதில் கால் பதித்து ஏறத் தொடங்குவதற்கான தடி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். பாளை சீவவும் பதநீர் இறக்கவுமாகக் காலையும் மாலையும் ஏற வேண்டும். எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த இந்தச் செய்திகள்தாம் அவருக்குத் தேவைப்பட்டன. பனையின் பெருமையைப் பற்றிச் சங்க இலக்கியத்திலிருந்து நான் எடுத்துப் போட்டிருந்த முதல் இரண்டு பத்திகளை அவர் அப்படியே வெட்டிவிட்டு, விடிலி என்னும் ஓலைக் குடிசைக்குள் கருப்பட்டி காய்ச்சும் அம்மா பேசும் இடத்திலிருந்து கட்டுரையைத் தொடங்கினார். அந்த வெட்டு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். அவர் வைத்த தலைப்பைப் பற்றி எனக்கு அவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. ஆனால் தலைப்பு வைப்பது பத்திரிகையின் உரிமை, அதில் எழுதுகிறவர் சண்டை போடுவதில் பயனில்லை.

எழுத்துருச் சிக்கலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் செல்பேசியிலும் கணினியிலும் யுனிகோடில் தட்டச்சு செய்கிறோம். அச்சு இதழ்களில் பக்கம் வடிவமைக்கும் இடங்களில் ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துரு முறைகள் இன்னமும் புழங்குகின்றன. மாற்றி எடுக்கும்போது மேற்கோள் குறி இருந்த இடத்தில் சம்பந்தமில்லாத எழுத்து முளைக்கிறது. கொம்பும் காலும் பிரிந்து நிற்கின்றன. எனவே திருத்தத்தக்க வேர்டு கோப்பையும், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பிடிஎஃப் பிரதியையும் சேர்த்து அனுப்புவதை வழக்கமாக்கிக்கொண்டேன். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கி அச்சுக்கு உதவாமல் போய்விடும். மின்னஞ்சலிலோ, வாட்ஸ்அப்பிலேயே டாக்குமென்ட்டாகவோ அனுப்ப வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் அதில் இருப்பவர் யார், எந்த ஊர், படம் போடச் சம்மதித்தாரா என்ற குறிப்பையும் எழுதிவிடுவேன்.

இவற்றோடு ஓர் உறுதிமொழிக் கடிதம் வேண்டும்: இது என் சொந்தப் படைப்பு, தழுவலோ மொழிபெயர்ப்போ அன்று, வேறு இதழுக்கோ இணையத்துக்கோ அனுப்பப்படவில்லை என்பது அதன் வாசகம். முகநூலில் போட்டுவிட்ட எழுத்தைப் பல இதழ்கள் வெளியானதாகவே கருதுகின்றன. ஒரே படைப்பை இரண்டு இடத்துக்கு ஒரே நேரத்தில் அனுப்புவதை எங்கேயும் விரும்புவதில்லை. ஆனால் நிராகரித்தால் தெரிவிக்கும் வழக்கம் ஏறக்குறைய மறைந்துவிட்ட காலத்தில், எழுதியவர் எவ்வளவு நாள்தான் காத்திருப்பது? மூன்று மாதத்துக்குள் பதில் இல்லையென்றால் படைப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று கடிதத்தின் கடைசி வரியில் எழுதிவிடுகிறேன். அதற்கு இதுவரை யாரும் ஆட்சேபம் சொன்னதில்லை.

இனி பணம். ஒரு பக்கக் கதைக்குச் சில நூறு ரூபாய், படங்களோடு கூடிய நீண்ட கட்டுரைக்கு ஆயிரங்களில் என்பது என் அனுபவத்தில் கண்ட அளவு. வெளியான பிறகுதான் கொடுப்பார்கள். ஏற்றுக்கொண்டு வெளியிடாமல் விட்டால் ஒன்றும் கிடையாது. பனைக் கட்டுரை வெளியானபின் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு படிவம் வந்தது. நிரந்தரக் கணக்கு எண் (பான்), வங்கிக் கணக்கு விவரம், ரத்து செய்த காசோலையின் நகல், கையொப்பமிட்ட வவுச்சர் எனும் பணச் சீட்டு ஆகிய நான்கையும் கேட்டிருந்தார்கள். வருமான வரிச் சட்டத்தின்படி இத்தகைய தொகையில் பத்து விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படும். ஒரு நிறுவனம் ஓராண்டில் ஒருவருக்குக் கொடுக்கும் தொகை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் மட்டுமே பிடிக்க வேண்டும் என்பது விதி. அந்த வரம்பு 30,000 ரூபாயாக இருந்து, 2025 ஏப்ரல் முதல் 50,000 ஆனது. வரம்பைத் தாண்டாதபோதும் சில இடங்களில் பிடித்துவிடுகிறார்கள். அப்படிப் பிடித்தது நம் பெயரில் கட்டப்பட்டிருக்கிறதா என்பதை வருமான வரித் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொண்டு, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். நிரந்தரக் கணக்கு எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் இருபது விழுக்காடாகிவிடும்.

புனைபெயரில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு தனி இடைஞ்சல் காத்திருக்கிறது. வேறொரு மாத இதழ் என் கட்டுரைக்கான காசோலையை, படிவத்தில் இயற்பெயரைத் தெளிவாகக் கொடுத்திருந்தும், இதழில் அச்சான புனைபெயருக்கே எழுதி அனுப்பிவிட்டது. அந்தப் பெயரில் உலகில் எந்த வங்கியிலும் கணக்கு இல்லை. வங்கி மேலாளர் காசோலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, யார் சார் இவர் என்று கேட்டார். காசோலை மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். திருப்பி அனுப்பி, மாற்றித் தரும்படி எழுதியதற்குப் பதில் வருவதற்குள் அந்தக் கெடு முடிந்துவிட்டது. பொறுப்பாசிரியரிடம் சொன்னால் அவர் வருத்தப்பட்டார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கணக்குப் பிரிவின் நேரடி எண்ணைக் கேட்டு வாங்கி, இதழின் தேதி, பக்க எண், காசோலை எண் மூன்றையும் ஒரே மின்னஞ்சலில் எழுதியபின்தான் வேலை நடந்தது. அன்றிலிருந்து கட்டுரையின் அடியிலேயே, பணம் இன்ன பெயருக்கு, இன்ன கணக்குக்கு என்று தடித்த எழுத்தில் போட்டுவிடுகிறேன்.

பணம் கேட்பதில் நமக்கு இருக்கும் கூச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேட்டால் அடுத்த கட்டுரையைப் போடமாட்டார்களோ என்ற அச்சத்திலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்தவரையில், மரியாதையாக, காகித விவரத்தோடு கேட்டதற்காக எந்த ஆசிரியரும் என்னை ஒதுக்கியதில்லை. கேட்டும் தராத ஓர் இதழ் உண்டு. அதற்கு எழுதுவதை நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

வவுச்சரில் கையெழுத்திடும் முன் அதன் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பத்திரிகையின் ஊழியராக இல்லாத ஒருவர் எழுதியதற்கு முதல் உரிமையாளர் அவரே. அந்த உரிமையை மாற்றித் தருவதென்றால் எழுத்து வடிவில் கையொப்பத்தோடுதான் தர முடியும். காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுக்கு மட்டுமே செல்லும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. எனக்கு வந்த வவுச்சர்களில் ஒன்றில், சகல உரிமைகளும் நிரந்தரமாக நிறுவனத்துக்கே என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. அந்த வரியை அடித்துவிட்டு, முதல் பிரசுர உரிமை மட்டும் என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் பணம் வந்தது. இன்னோர் இடத்தில் அப்படித் திருத்திய வவுச்சரைத் திருப்பி அனுப்பி, அடிக்காமல் தரும்படி கேட்டார்கள். துணுக்கு, ஒரு பக்கக் கதை போன்றவற்றுக்கு அவர்கள் கேட்டபடியே கொடுத்துவிடுகிறேன். களத்தில் அலைந்து எழுதி, பின்னால் தொகுப்பில் சேர்க்கக்கூடிய கட்டுரை என்றால், எந்த உரிமையைத் தருகிறேன் என்பதை அனுப்பும் கடிதத்திலேயே எழுதிவிடுவதும், அதற்கு ஒப்புக்கொள்ளாத இடத்துக்கு அனுப்பாமல் இருப்பதும் இப்போது என் வழக்கம்.